ரீயூனியனில் மாணவர் வீசாவில் வேலை பார்ப்பது எப்படி: 964 மணி நேரத்தின் முழுக் கணக்கு

போன டிசம்பரில் புதுச்சேரியில் இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அக்கா, அங்க பார்ட் டைம் வேலை பார்க்க தனியா ஒர்க் பெர்மிட் வாங்கணுமா?" பதினொரு நிமிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு பெண் கேட்டாள், அதற்கு அடுத்த வாரம் காரைக்காலிலிருந்தே என் தங்கையின் வகுப்புத் தோழி கேட்டாள். சரி, ஒரே தடவையில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் காரைக்கால்காரி. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தலைநகர் சான்-தெனிக்கு மாஸ்டர் படிக்க வந்தேன், பல்கலைக்கழகத்தின் மூஃபியா கேம்பஸ். இங்கே தமிழ்ப் பெயர் உள்ள கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் உள்ளே போய் "வணக்கம்" சொன்னால் சிரித்துவிட்டு க்ரியோலில், அதாவது தீவின் பேச்சுமொழியில், பதில் சொல்வார்கள். அவர்களின் பாட்டன் முப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள், மொழி போய் சாமியும் காவடியும் மட்டும் நிலைத்திருக்கிறது. இந்த ஊர்த் தமிழர்களுக்கு வீசா விதிகள் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். அதனால் "கோயில்ல ஒரு அண்ணன் சொன்னாரு" என்ற தகவலை நம்பி வேலைக்குப் போகாதீர்கள். அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட தங்கும் அனுமதி தரும் அரசு அலுவலகமான ப்ரெஃபெக்தூர் வாசலில் நின்றிருக்க மாட்டார்.

முதலில் அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில்

வேண்டாம். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், மாணவர்கள் வேலை பார்ப்பதற்கு பாரிசில் உள்ள அதே சட்டம்தான் இங்கேயும். நீண்டகால மாணவர் வீசா, அதாவது விஎல்எஸ்-டிஎஸ் என்று எல்லாரும் சொல்வது, உங்கள் பாஸ்போர்ட்டில் இருந்தால், அதற்குள்ளேயே வேலை செய்யும் உரிமை அடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை. அவ்வளவுதான் விதி.

ஆனால் "தனியாக ஒரு காகிதம் கிடையாது" என்பதுதான் இங்கே தலைவலியின் ஆரம்பமும். காகிதம் இல்லாததால் முதலாளிக்குச் சந்தேகம் வரும், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், தங்கும் அனுமதிக் கார்டு புதுப்பிக்கும்போது இடையில் மூன்று மாதம் கையில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். உரிமை உங்களிடம் இருக்கிறது, நிரூபிக்கும் வேலையும் உங்களுடையதுதான். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

படி 1: எந்த வீசா என்று பாருங்கள்

கேம்பஸ் பிரான்ஸ் (பிரான்சில் படிக்கப் போகிறவர்களைக் கவனிக்கும் அமைப்பு) நேர்காணல், வீசா விண்ணப்பம் இதெல்லாம் ஊரிலேயே முடித்திருப்பீர்கள், அதை இங்கே நீட்டவில்லை. இரண்டு விஷயம் மட்டும். மூன்று மாதத்துக்குக் குறைவான குறுகியகால வீசாவில் வந்தால் இந்த 964 மணி உரிமை இல்லை. இன்னொன்று, ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஐரோப்பாவின் பொது வீசாப் பகுதியான ஷெங்கனில் சேராது. ஆகவே விண்ணப்பத்தில் போகும் இடம் ரீயூனியன் என்று சரியாக இருக்க வேண்டும். "எல்லாம் பிரான்ஸ்தானே" என்று அசால்ட்டாக விடாதீர்கள்.

படி 2: வந்ததும் வீசாவை உயிர்ப்பியுங்கள்

விஎல்எஸ்-டிஎஸ் என்பது வீசாவும் தங்கும் அனுமதியும் சேர்ந்த ஒன்று, ஆனால் இரண்டாவது பாதி தானாக வேலை செய்யாது. பிரான்சுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் தளத்தில், எல்லாரும் அனெஃப் என்று சொல்கிற அதில், வீசா எண், வந்த தேதி, முகவரி போட்டு, தேம்ப்ர் என்கிற மின்முத்திரைக்குப் பணம் கட்டி, உறுதிச்சான்றைப் பிடிஎஃப் ஆக இறக்க வேண்டும்.

மூன்று மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். வந்த வாரமே செய்துவிடுங்கள், காரணம் சொல்கிறேன்: முதலாளி கேட்கப்போகிற முதல் காகிதம் இந்த உறுதிச்சான்றுதான். மூன்று மாதம் தாண்டிவிட்டால் நீங்கள் சட்டப்படி இங்கே இருக்கிறீர்களா என்பதே கேள்வியாகிவிடும், அப்புறம் வேலையைப் பற்றிப் பேசவே முடியாது. தங்க இடம் மாறினால் முகவரியை அதே தளத்தில் மாற்றுங்கள். முதல் மாதம் யார் வீட்டிலோ தங்கிவிட்டு அப்புறம் ரூம் எடுப்பவர்கள் நம்மில் பாதிப்பேர், பழைய முகவரி அப்படியே கிடந்தால் புதுப்பிக்கும்போது கழுத்தைப் பிடிக்கும்.

படி 3: சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு

வெளிநாட்டு மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் பதிவு செய்தால் முதலில் தற்காலிக எண் வரும், பிறகு நிரந்தர எண். இந்தத் தீவில் இதைக் கவனிப்பது சிஜிஎஸ்எஸ் என்ற அமைப்பு. பிறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயர்கள் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்ததாக இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது எப்போதும் இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பிறப்புச் சான்றில் வெறும் எழுத்தாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று விளக்கி ஒரு கடிதம் முதலிலேயே வைத்துவிடுங்கள். தற்காலிக எண் இருந்தாலே வேலையில் சேரலாம், நிரந்தர எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வங்கிக் கணக்கு திறந்து ரிப் என்கிற கணக்கு விவரக் காகிதத்தை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் அதில்தான் விழும்.

படி 4: வேலை தேடுவது, அதைவிட முதலாளியை நம்பவைப்பது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே வேலை கிடைப்பது எளிதில்லை. தீவில் வேலையில்லாதோர் விகிதம் பிரான்சின் பெருநிலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளூர்ப் பையனே வேலை தேடிக்கொண்டிருக்கும்போது க்ரியோல் தெரியாத நம்மை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. எனக்குத் தெரிந்து நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை: உணவகம், சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குவது, குழந்தை பார்த்துக்கொள்வது, வீட்டுக்குப் போய் ஆங்கிலம் அல்லது கணக்கு சொல்லிக் கொடுப்பது, சான்-ழில் கடற்கரைப் பக்கம் சுற்றுலா சீசனில் ஹோட்டல் வேலை. ஆங்கிலம்தான் நம் கையில் இருக்கும் நல்ல சீட்டு, அதைத் தயங்காமல் போடுங்கள்.

பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கென்று வேலைகள் உண்டு: நூலகம், புதிய மாணவர்களுக்கு உதவி, ட்யூஷன் மாதிரி. செப்டம்பர் 1 முதல் ஜூன் 30 வரை 670 மணி, ஜூலை ஆகஸ்டில் 300 மணி என்று அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது. கூட்டினால் 970 வருகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், நமக்கு 964தான். அறிவிப்புப் பலகையை ஆகஸ்ட் கடைசியிலேயே பாருங்கள், செப்டம்பர் பாதிக்குள் நிரம்பிவிடும். வீசா விளக்கும் தொல்லையே இல்லாத ஒரே முதலாளி பல்கலைக்கழகம்தான், அதனாலேயே எனக்கு இது முதல் தேர்வு.

வெளியே போனால்? என் முதல் அனுபவம் இது. ஒரு உணவகத்தில் பேசி முடித்தாயிற்று, வெள்ளி மாலை, சனி, ஞாயிறு என்று நேரமும் குறித்தாயிற்று. வியாழன் அன்று மேலாளர் கூப்பிட்டு, "உனக்கு வேலை அனுமதி இல்லையே, என் கணக்காளர் வேண்டாம் என்கிறார்" என்று சொல்லிவிட்டார். நான் பேந்தப் பேந்த விழித்தேன், வாதாடத் தெரியவில்லை, வேலை போயிற்று. இரண்டாவது இடத்துக்குப் போகும்போது ஒரு ஃபைல் தயாராகக் கொண்டுபோனேன். அதில் இருந்தவை: பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் வீசா பக்கமும், அனெஃப் உறுதிச்சான்று, அந்த ஆண்டின் கல்லூரிச் சேர்க்கைச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண், ரிப், கடைசியாக அரசின் சேவைத் தளத்தில் வெளிநாட்டு மாணவர் வேலை பற்றிய பக்கத்தின் அச்சு, 964 என்ற எண் மேல் மஞ்சள் கோடு போட்டது. அந்த மஞ்சள் கோடு செய்த வேலையை என் பிரெஞ்சு செய்திருக்காது.

முதலாளி செய்ய வேண்டியது இரண்டே இரண்டு, இதை நீங்களே அவரிடம் சொல்லலாம். ஒன்று, யாரை வேலைக்கு எடுத்தாலும் செய்கிற டிபிஏஇ என்ற முன்னறிவிப்பு, அது இங்கே சிஜிஎஸ்எஸ்ஸுக்குப் போகும். இரண்டு, மாணவர் வீசா அல்லது மாணவர் கார்டு உள்ளவரை எடுத்தால் வேலை ஆரம்பிப்பதற்குக் குறைந்தது இரண்டு வேலைநாள் முன்பு ப்ரெஃபெக்தூருக்கு உங்கள் பெயரோடு ஓர் அறிவிப்பு, கூடவே கார்டின் நகல். இது அனுமதி கேட்பது இல்லை, தெரிவிப்பது மட்டும். முதலாளிகள் பயப்படுவது "பதில் வர எத்தனை மாதம் ஆகுமோ" என்றுதான். தெரிவித்துவிட்டு இரண்டு நாள் கழித்து ஆரம்பிக்கலாம் என்று சொன்னால் முகம் மாறிவிடும். அதனால் சனிக்கிழமை ஆரம்பிக்க வேண்டிய வேலைக்கு வெள்ளிக்கிழமை காகிதம் கொடுக்காதீர்கள், திங்களே கொடுங்கள்.

இனி நம்ம ஆட்கள் விஷயம். இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் பழக்கமாகி, "நம்ம பிள்ளைதானே, கடைக்கு வா, மாலையில கையில தர்றேன்" என்று சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், சாப்பாடும் போடுவார்கள். ஆனால் பே ஸ்லிப் இல்லாமல் கையில் வாங்கும் காசு சட்டப்படி மறைத்த வேலை. அடிபட்டால் விபத்துக் காப்பீடு வாங்குவது பெரும்பாடு, வேலை செய்த அனுபவம் என்று எங்கேயும் காட்ட முடியாது, சோதனை வந்தால் அவருக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சிக்கல். எப்படி மறுப்பது என்று கேட்டால், "மாமா, எனக்கு ஃபிஷ் த பே வேணும், கார்டு புதுப்பிக்கக் கேட்பாங்க" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, மனசும் நோகாது. (ஃபிஷ் த பே என்பதில் மீனும் இல்லை, பேயும் இல்லை, சம்பளச் சீட்டுதான்.) கோயில் திருவிழாவில் இலை போடுவது, பந்தி பரிமாறுவது வேறு, அது தொண்டு. சம்பளம் இல்லாத வரைக்கும்.

படி 5: மணி நேரத்தை எண்ணுவது

பிரான்சில் முழுநேர வேலை என்றால் வாரம் 35 மணி, ஆண்டுக்கு 1607 மணி. அதில் 60 சதவீதம் 964. வாரத்துக்கு இருபது மணி என்று மற்ற நாடுகளில் உள்ள மாதிரி இங்கே இல்லை, ஆண்டுக் கணக்குதான். இது பெரிய வசதி, விடுமுறையில் முழுநேரம் செய்துவிட்டு பரீட்சை மாதத்தில் ஒரு மணி நேரம்கூட செய்யாமல் இருக்கலாம். பெரிய பொறியும் இதுதான், ஏனென்றால் வாரா வாரம் யாரும் பிரேக் போட மாட்டார்கள்.

எந்த ஆண்டு? நான் எண்ணுவது ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல, வீசா அல்லது கார்டில் ஆரம்பத் தேதி எதுவோ அதிலிருந்து பன்னிரண்டு மாதம். புதுப்பிக்கும்போது அந்தக் காலத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள், ஆகவே அதே காலத்தை நானும் பார்க்கிறேன்.

ஓர் உதாரணம் போடுவோம். வீசா ஆகஸ்ட் 20 அன்று தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில், அதாவது இங்கே நல்ல வெயில் காலத்தில், நான்கு வாரம் முழுநேரம்: 140 மணி. ஜூலை ஆகஸ்டில் ஆறு வாரம் முழுநேரம்: 210 மணி. சேர்த்து 350. மிச்சம் 614 மணி, அதை மீதி 42 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் பதினாலரை மணிக்குக் கொஞ்சம் மேல். பதினாலரை என்று வைத்தால் மொத்தம் 959 ஆகும், கையில் மிச்சம் வெறும் ஐந்து மணி. ஒரு சனிக்கிழமை கூடவேலை செய்யும் ஆள் வரவில்லை, "இன்னிக்கு மட்டும் க்ளோசிங் வரைக்கும் இருந்துடு" என்று கேட்டால் அந்த ஐந்தும் போயிற்று. அதனால் 964க்குத் திட்டம் போடாதீர்கள், 900க்குப் போடுங்கள்.

இந்த உதாரணத்தில் இன்னொன்றைக் கவனித்தீர்களா? ஜூலை ஆகஸ்ட் விடுமுறை உங்கள் வீசா ஆண்டின் வாலில் வந்து விழுகிறது. காசு நன்றாகக் கிடைக்கும் அந்த ஆறு வாரம் வரும்போது மணி நேரம் தீர்ந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பிப்ரவரியிலேயே 210ஐ எடுத்து ஒதுக்கி வைத்துவிடுங்கள், அம்மா அரிசி டப்பாவில் காசு ஒளித்து வைக்கிற மாதிரி.

இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டும் கூடும். காலையில் ஒரு குடும்பத்துக் குழந்தை, மாலையில் உணவகம் என்றால் ஒருவருக்கு மற்றவர் கணக்கு தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒரு நோட்டில் மாதம், முதலாளி, சம்பளச் சீட்டில் உள்ள மணி, இதுவரை மொத்தம் என்று நான்கே பத்தி போட்டு எழுதினேன். சம்பளச் சீட்டில் உள்ள எண்ணையே எழுதுங்கள், உங்கள் ஞாபகத்தில் உள்ளதை அல்ல. மாதம் முழுநேரம் என்றால் சீட்டில் 151.67 என்று வரும், அது நீங்கள் நினைத்ததைவிட எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

தாண்டினால் என்ன? கார்டைப் பறிக்கலாம், புதுப்பிக்க மறுக்கலாம். முதலாளியும் தப்பில் சேர்த்தி. "பத்து மணி நேரம்தானே" என்ற பேச்சு எடுபடுமா என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

சம்பளம் எவ்வளவு என்றால், குறைந்தபட்ச ஊதியமான ஸ்மிக் 2026 ஜனவரி 1 முதல் மணிக்கு 12.02 யூரோ, பிடித்தம் போவதற்கு முன். பிடித்தம் போனபின் கையில் ஏறக்குறைய ஒன்பதரை. 1996 முதல் ரீயூனியனில் ஸ்மிக் பெருநிலத்துக்குச் சமம், யாராவது "இது தீவு, இங்க கம்மி" என்று சொன்னால் நம்பாதீர்கள். 964 மணியும் செய்தால் ஆண்டுக்குக் கையில் ஒன்பதாயிரம் யூரோ பக்கம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே பால் தயிரெல்லாம் கப்பலில் வருகிறது, விலையும் கப்பல் விலைதான்.

படி 6: எது கணக்கில் சேரும், எது சேராது

ஸ்தாஜ், அதாவது படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சி, கல்லூரியும் நிறுவனமும் நீங்களும் கையெழுத்துப் போட்ட கொன்வென்சியோன் (பயிற்சி உடன்படிக்கை) இருந்தால் 964இல் சேராது, அது வேலை ஒப்பந்தமே அல்ல. இரண்டு மாதத்தைத் தாண்டினால் ஊக்கத்தொகை கொடுத்தே ஆக வேண்டும், 2026இல் மணிக்குக் குறைந்தது 4.50 யூரோ. ஒரே இடத்தில் ஓர் ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது.

அல்தெர்னான்ஸ், ஒரு வாரம் கல்லூரி ஒரு வாரம் நிறுவனம் என்று போகிறது, அது வேறு கதை. மணி நேரம் 964ஐத் தாண்டும் என்பதால் தனி வேலை அனுமதி வேண்டும், பொதுவாக பிரான்சில் முதல் ஆண்டு படிப்பை முடித்திருக்க வேண்டும், மாஸ்டர் அளவில் இதற்கு விலக்கு உண்டு. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கல்லூரியின் அல்தெர்னான்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பது, குழந்தை பார்ப்பது, இதெல்லாம் அந்தக் குடும்பம் செஸ்யூ என்ற முறையில் உங்களை அரசுக்கு அறிவித்தால் முறையான சம்பள வேலை, கணக்கிலும் சேரும். குடும்பத்துக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

சைக்கிளில் சாப்பாடு டெலிவரி? இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். மாணவர் கார்டு கொடுப்பது சம்பள வேலைக்கான உரிமை, சொந்தத் தொழிலுக்கு அல்ல. டெலிவரி ஆப்கள் உங்களைத் தொழிலாளியாக எடுப்பதில்லை, மைக்ரோ-ஆன்த்ரப்ரெனராக, அதாவது சொந்தமாகச் சிறுதொழில் செய்பவராக, பதிவு செய்யச் சொல்கின்றன. 2024 ஜனவரி 26 சட்டத்துக்குப் பிறகு, தொழில் செய்யும் உரிமை உள்ள அனுமதி இல்லாத ஐரோப்பியர் அல்லாதவர் அந்தப் பதிவைப் பெற முடியாது. அடுத்தவன் அக்கவுன்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஊரில் உள்ள கம்பெனிக்கு இங்கிருந்து ஃப்ரீலான்ஸ் கோடிங் செய்வதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

படி 7: ஒப்பந்தம், சீட்டு, வரி

சிடிடி என்ற குறித்தகால ஒப்பந்தம் முடியும்போது எடுக்காத விடுப்புக்குப் பத்து சதவீதம் தர வேண்டும். அதோடு ஒப்பந்த முடிவுத் தொகை என்று இன்னொரு பத்து சதவீதம் உண்டு, ஆனால் விடுமுறைக் காலத்தில் மட்டும் வேலைக்கு எடுத்த மாணவருக்கு அது கிடையாது. போன ஜூலையில் இதற்காக நான் முதலாளியோடு சண்டைக்குப் போய் அசடு வழிந்து திரும்பினேன், நீங்கள் போகாதீர்கள். சம்பளத்தையே இழுத்தடித்தால் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை, இங்கே அதன் பெயர் தேத்ஸ்.

எல்லாச் சம்பளச் சீட்டையும் வைத்திருங்கள். காலாவதி தேதி கிடையாது.

வரி விஷயம் சுருக்கமாக: ஆண்டின் ஜனவரி 1 அன்று 26 வயதுக்குள் இருந்தால் மாணவர் சம்பளத்தில் மூன்று மாத ஸ்மிக் வரை வரி கிடையாது, மீதியும் பெரும்பாலும் வரிவரம்புக்குக் கீழேதான் நிற்கும். ஆனாலும் மே, ஜூனில் வருமானத்தை அறிவியுங்கள். பூஜ்ஜியம் என்று வருகிற அந்த வரித்தாள் வீடு தேடும்போதும் உதவித்தொகைக்கும் தங்கம் மாதிரி.

படி 8: புதுப்பித்தல், இடையில் வரும் அந்த மூன்று மாதம்

அனெஃப் தளத்தில் காலாவதிக்கு நான்கு மாதம் முன்பிலிருந்து இரண்டு மாதம் முன்பு வரை விண்ணப்பிக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஏப்ரல் 20 பக்கம் தொடங்கி ஜூன் 20க்குள். சிக்கல் என்னவென்றால் அடுத்த ஆண்டுச் சேர்க்கைச் சான்று ஜூலையில்தான் வரும். அதற்காகக் காத்திருந்தால் தேதி போய்விடும். முதல் செமஸ்டர் மதிப்பெண், இந்த ஆண்டுச் சேர்க்கைச் சான்று, அடுத்த ஆண்டுக்கான முன்சேர்க்கைக் கடிதம் என்று இருப்பதை வைத்து அனுப்பிவிடுங்கள், மீதியைக் கேட்கும்போது சேர்க்கலாம்.

அவர்கள் பார்ப்பது இரண்டு. படிப்பு "உண்மையானது, தீவிரமானது" தானா, இது சட்டத்தில் உள்ள சொல். அரியர் விழுவதில் தப்பில்லை, ஆனால் வகுப்புக்கே போகாமல் வேலைக்கு மட்டும் போனது மாதிரி தெரியக்கூடாது. 950 மணி வேலையும் நான்கு பாடத்தில் சைபரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எந்த அதிகாரிக்கும் கேள்வி வரும். இன்னொன்று பணம், மாதம் 615 யூரோ என்பது அளவு. வீட்டிலிருந்து வரும் பணம், உதவித்தொகை, சம்பளச் சீட்டு எல்லாம் சேர்த்துக் காட்டலாம். கடை மாமா தரும் கைக்காசு இதில் உதவாது என்பது இப்போது புரியும்.

இனி முக்கியமான விஷயம். விண்ணப்பித்த உடனே ஒரு காகிதம் வரும், "பெற்றுக்கொண்டோம்" என்று. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது, தங்கும் உரிமைக்கே அது சான்று இல்லை. பழைய கார்டு காலாவதியாவதற்குள் முடிவு வராவிட்டால் அதே தளத்தில் இன்னொரு காகிதம் வர வேண்டும், அத்தெஸ்தாசியோன் த ப்ரொலோங்காசியோன் தென்ஸ்த்ரூக்சியோன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லாரும் ஏபிஐ என்கிறார்கள். அதுதான் பழைய உரிமைகளை, வேலை உரிமை உட்பட, நீட்டிக்கிற காகிதம். ப்ரெஃபெக்தூர் கையில் கொடுக்கும் ரெசெப்பிஸ்ஸே என்கிற தற்காலிக ரசீது என்றாலும் அதே வேலையைச் செய்யும்.

என் தோழி ஒருத்திக்கு முதல் காகிதம் மட்டும் இருந்தது, இரண்டாவது வரவில்லை. காலாவதித் தேதிக்கு மறுநாள் முதலாளி வேலையை நிறுத்தி வைத்தார், சட்டப்படி அவர் செய்தது சரிதான். மூன்று வாரம் சம்பளம் இல்லை. ஆகவே காலாவதிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தளத்தில் செய்தி அனுப்பிக் கேளுங்கள், பதில் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் நகரும். அப்புறம், ஏபிஐ வந்ததும் முதலாளிக்கு நீங்களே அனுப்புங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

முதல் ஆண்டு முடிந்தபின் கிடைக்கும் கார்டு பெரும்பாலும் படிப்பின் மிச்சக் காலத்துக்கும் சேர்த்து வரும். அப்போதும் 964 ஒவ்வோர் ஆண்டுக்கும்தான், இரண்டு ஆண்டையும் கூட்டி ஒரே ஆண்டில் செலவழிக்க முடியாது.

படி 9: பட்டம் வாங்கிய பிறகு

மாஸ்டர் அல்லது லிசான்ஸ் ப்ரொஃபெசியொனெல் (தொழில்சார் இளங்கலை) முடித்தால் "வேலை தேடுதல் அல்லது தொழில் தொடங்குதல்" என்று ஒரு கார்டு உண்டு, பன்னிரண்டு மாதம். மாணவர் கார்டு உயிரோடு இருக்கும்போதே இதற்கு விண்ணப்பியுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு ஒரு கூடுதல் அதிர்ஷ்டம்: 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் போட்டு, 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி மாஸ்டர் முடித்தவர்கள் இன்னொரு பன்னிரண்டு மாதம் புதுப்பிக்கலாம். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது, அவர்கள் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

அதற்குள் படிப்புக்குத் தொடர்புள்ள வேலை, ஸ்மிக்கைப் போல ஒன்றரை மடங்குச் சம்பளம், அதாவது 2026 கணக்கில் மாதம் 2,735 யூரோ பக்கம், பிடித்தத்துக்கு முன், இந்த இரண்டும் கிடைத்தால் சலாரியே (சம்பளத் தொழிலாளர்) கார்டுக்கு மாறும்போது "இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இருக்கிறதா" என்ற கேள்வியை வைக்க மாட்டார்கள். வேலையில்லாதோர் இவ்வளவு பேர் உள்ள தீவில் அந்தக் கேள்வி வந்தால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள், அதனால்தான் இந்த ஒன்றரை மடங்கு நமக்கு உயிர்நாடி. சம்பளம் பேசும்போது இருபது யூரோ குறைவாக ஒத்துக்கொண்டு அப்புறம் அழாதீர்கள். பிஎச்.டி. போகிறவர்களுக்கு இந்தப் பாதையே வேண்டாம், பல்கலைக்கழகத்தின் வரவேற்பு ஒப்பந்தத்தோடு ஆராய்ச்சியாளர் கார்டு தனியாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் டிக்கெட் எடுத்தபிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ரீயூனியனில் வாங்கும் சலாரியே வேலை அனுமதி ரீயூனியனுக்குள் மட்டும்தான் செல்லும். இங்கே வேலையில் சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு லியோன் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே புதிதாக அனுமதி கேட்க வேண்டும். பெருநிலத்தில்தான் வேலை பார்ப்பது என்று முடிவு செய்திருந்தால், வேலை தேடும் கார்டில் இருக்கும்போதே அங்கே வேலையைத் தேடி, அங்கேயுள்ள ப்ரெஃபெக்தூரில் விண்ணப்பியுங்கள்.